ஒன்பதாவது கிலோமீட்டர் பூக்கார அக்காவின் முட்டிக்கு

எங்கள் ஊரில் ஓடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கால் வலி, மூச்சு வாங்குவது எல்லாம் அப்புறம். முதலில் ஓட விடமாட்டார்கள்.

உத்திரமேரூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஏரிக்கரை மேல் மண் பாதை, அது இறங்குகிற இடத்தில் தார் ரோடு. விடிகாலையில் அந்த ரோட்டில் ஒரு பொம்பளை ஓடினால், வண்டியில் வருகிற ஒருத்தரும் சும்மா போகமாட்டார்கள். பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி, பின் சீட்டைத் தட்டிக் காட்டுவார்கள்.

"ஏறும்மே."

"வாணாண்ணா. சும்மாதான் ஓட்றேன்."

"சும்மா எவளாச்சும் ஓடுவாளா? பஸ்ஸு போயிட்ச்சா? ஏறு, புட்ச்சிடலாம்."

இவர் பால்காரர். வண்டியில் இரண்டு பக்கமும் கேன் தொங்கும். எனக்கு இடம் பண்ணுவதற்காக ஒரு கேனைத் தூக்கி டேங்க் மேல் வைத்துக்கொள்ளக்கூடத் தயாராக நின்றார். மாட்டேன் என்றால் முகம் சுண்டிவிடும். என் வண்டியில் ஏறினால் இவளுக்கு என்ன குறைச்சல் என்று மனசுக்குள் ஓடும். அதற்காகவே நான் நின்று, நல்லபடியாக நாலு வார்த்தை பேசி, அனுப்பிவைக்க வேண்டும். அதற்குள் உடம்பு ஆறிப்போகும்.

முதல் நாள் ஏழு வண்டி நின்றது. எட்டு கிலோமீட்டர் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் இருபது பேர். நான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு கிணற்றை நோக்கி ஓடியதாக யாரோ செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசமாட்டார். லுங்கியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறார், பாவம்.

"நான் அட்ச்சிட்டேன்னு ஊரே சொல்லுது. ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடக் கூடாதா நீ?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனுஷிக்கு ஓடப் பிடித்திருக்கிறது என்றால் அதை ஏன் ஒருத்தரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்?

பிடித்தது போன வருஷம்தான். நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். காஞ்சிபுரத்தில் நடந்த ஓட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து ஆள் கேட்டார்கள். டீ ஷர்ட்டும் நாஷ்டாவும் இலவசம் என்றதால் பேர் கொடுத்தேன். பத்து கிலோமீட்டர். பாதியில் செருப்பு வார் அறுந்துபோக, இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு மீதியை ஓடினேன். எட்டாவது கிலோமீட்டரில் என்னவோ ஆயிற்று. வலி அப்படியே இருந்தது, ஆனால் என்னைத் தொந்தரவு பண்ணவில்லை. முப்பத்தேழு வயசில், இரண்டு பிள்ளை பெற்றவள், நடுரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓடினேன். யம்மாடி! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரைக்கும் வந்ததே இல்லை. மெடலைக் கழற்றாமலே தூங்கினேன்.

இந்த வருஷம் இருபத்தொரு கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்தேன். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாதவர்களைப் பின்னாலேயே வருகிற வேன் ஏற்றிக்கொள்ளும். அதில் ஏறிவிட்டால் மெடல் கிடையாது, ஓட்டமும் கணக்கில்லை.

இந்த முறை ஷூ வாங்குவது என்று சம்பள நாளிலிருந்து குறியாக இருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு கடை. சேலையில் போயிருந்தேன்.

"வாக்கிங்குக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"ஓட."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க. வேற யாரு கால எடுத்துக்கினு வருவேன்?"

ரோஸ் கலரில் பொம்மை மாதிரி ஒன்று எடுத்துக் காட்டினார். என் கால் நாற்று நட்டு வளர்ந்த கால். முன்பக்கம் விரிந்திருக்கும். சுண்டுவிரல் உள்ளே போகமாட்டேன் என்று அழுதது. நாலு ஜோடி பார்த்தாயிற்று. கடைசியில் ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஏழாம் நம்பரில் ஒரு நீல ஷூ எடுத்தேன். விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம், குதிகால் அசையாமல் பிடிப்பு. ஓடிப் பார்க்கணும் என்றேன். கடைக்குள் எங்கே ஓடுவது? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, பட்டுக் கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். புடவை எடுக்க வந்த கூட்டம் வாயைப் பிளந்தது. ஷூவோடு ஓடிப்போகிறேன் என்று நினைத்து, கடைக்காரரும் என் பின்னாலேயே ஓடிவந்தார். அந்த மனுஷனுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன், இதுதான் என் ஷூ.

ஆனால் அந்த ஷூவைப் போட முடியாதபடி நானே என் வாயால் கெடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, புது ஷூவை ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு, வெறுங்காலில் நடந்து ஏரிக்கரை அம்மன் கோயில் வரைக்கும் போய், அங்கிருந்து ஓட ஆரம்பித்தேன். ஐம்பது அடி போவதற்குள் பால்காரர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி. கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற அக்கா, என்னைவிடப் பத்து வயசு மூத்தவள், முட்டிவலிக்காரி, வாய்க்கு ஊரே பயப்படும், அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"இன்னாம்மே, திரும்பவும் ஓட்றியா? இன்னா பேஜாரு உனுக்கு வூட்ல?"

நாலு பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "வேண்டுதல்!" என்று கத்தினேன்.

அவ்வளவுதான். பால்காரர் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் நின்ற இரண்டு பேரும் வண்டியை ஓரம் கட்டி வழி விட்டார்கள். பூக்கார அக்கா தத்தித் தத்தி எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? எத்தினி நாளு?"

எத்தனை நாள் என்று எனக்கு எங்கே தெரியும்? அவளே முடிவு பண்ணிவிட்டாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். பூசாரியைக் கூப்பிட்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை என் மணிக்கட்டில் காப்பாகக் கட்டவைத்தாள். வீட்டில் கறி, மீன் என்று கவிச்சியே கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. காலில் செருப்பு கூடாது.

"ஷூ?" என்றேன், குரல் இறங்கி.

"அது இன்னா, செருப்புக்கு மாமியாரா? கூடாதுன்னா கூடாதுதான்."

கம்பெனிக்குள் போட்டுக்கொள்ளலாம், அது வயிற்றுப் பிழைப்பு, ஆத்தா ஒத்துக்குவா என்று தீர்ப்பும் அவளே சொன்னாள். ஓடும்போது மட்டும் கூடவே கூடாது. நீல ஷூ அரிசி டிரம் மேல் டப்பாவோடு உட்கார்ந்தது.

வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டார். "பொய் சொன்னது நீ. ஞாயித்திக்கெழம கறி இல்லாம இருக்கிறது நானா?" என்றார். இருந்தார், பாவம். பக்கத்து வீட்டில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் எழுந்து டிராக்டரைத் துடைக்கப் போய்விடுவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரோடு எனக்குத் திறந்துவிட்டது! ஒரு வண்டி நிற்கவில்லை. எதிரே வருகிற பஸ் டிரைவர் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார். கரை முடிகிற இடத்தில் யாராவது ஒரு பெண் குடத்தோடு நின்று, மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை என் காலில் ஊற்றுவாள். திரும்பி வரும்போது சொம்பில் மோர் இருக்கும். எட்டு கிலோமீட்டர் பத்தாயிற்று, பத்து பன்னிரண்டாயிற்று. வீட்டுக்காரர் பைக்கில் ஓட்டிப் பார்த்துத் தூரத்தைக் கணக்குச் சொன்னார். நான் ராணி மாதிரி ஓடினேன். இப்படிப் பயிற்சி எடுக்கப் பட்டணத்துக்காரர்களுக்குக் கொடுத்துவைத்திருக்காது.

அப்புறம்தான் வேண்டுதல்கள் வர ஆரம்பித்தன. முதலில் பூக்கார அக்கா.

"நீ எதுக்கு வேண்டிக்கினியோ, அத நான் கேக்கமாட்டேன். போற வழியில எனுக்கும் கொஞ்சம் ஓடு. இந்த முட்டி வலி உயிர் போவுது."

சரிக்கா என்றேன். அடுத்த நாள் பால்காரர், அவருடைய மாடு சினை நிற்கவில்லையாம். அதற்கு அடுத்த நாள் ஒருத்தி, அவள் வீட்டு போர்வெல்லில் தண்ணீர் ஊறணுமாம். ஒருத்தி மகளுக்கு வரன். ஒருத்தர் மருமகன் குடியை நிறுத்தணும். நான் பொய்க்காரிதான், ஆனால் பாவி இல்லை. கேட்டுவிட்டு மறந்துபோக மனசு வரவில்லை. ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் என்று பிரித்துக்கொண்டேன். மூன்றாவது மாட்டுக்கு, ஐந்தாவது போர்வெல்லுக்கு, ஒன்பதாவது முட்டிக்கு. அந்தந்த கிலோமீட்டரில், மூச்சு விட முடிந்தவரைக்கும், ஆத்தா பாத்துக்கோ என்று சொல்லிக்கொண்டே ஓடுவேன். அதில் ஒரு வசதியும் இருந்தது. அடுத்தவர் கஷ்டத்தை நினைத்துக்கொண்டு ஓடினால் கிலோமீட்டர் சீக்கிரம் கழிகிறது.

முப்பதாவது நாள் காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினேன். ஓட்டம் நாற்பத்தைந்தாவது நாள். காப்பு அவிழ்க்க அப்போதும் மூன்று நாள் பாக்கி இருக்கும்.

போகட்டும், வெறுங்காலிலேயே ஓடிவிடலாம் என்று பதினாறு கிலோமீட்டர் முயற்சி பண்ணினேன். ரோட்டில் புதுசாக ஜல்லி கொட்டியிருந்தார்கள். பதின்மூன்றில் குதிகால் கிழிந்தது. நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஒரு வாரம் ஓட்டம் இல்லை. கம்பெனியில் மருந்து போட்டுவிட்ட நர்ஸ், ஷூ இல்லாமல் இருபத்தொன்றை நினைக்காதே என்று சொல்லிவிட்டார்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால்? காப்பு கட்டிப் பொய் சொன்னவள் என்று பேர் வரும். ரோடு மறுபடியும் மூடிக்கொள்ளும். ஏறும்மே, ஏறும்மே என்று வாழ்க்கை பூராவும் கேட்க வேண்டும். அதற்கு நான் தயாராக இல்லை. காஞ்சிபுரத்தில் ஓடுவதும் வேண்டுதலில் சேர்த்திதான் என்று ஊர் நினைத்திருந்தது. அங்கே வந்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று, ஷூவைப் பழைய துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஓட்டத்தன்று இருட்டோடு கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். காயம் ஆறிய பிற்பாடு பக்கத்து ஊர் ரோட்டில் திருட்டுத்தனமாக மூன்று நாள் போட்டுப் பழகியிருந்தேன். அந்த மூன்று நாளும் ஆத்தா ஷூவுக்குள் ஒரு முள்ளைப் போட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டுதான் ஓடினேன்.

பாதை எப்படியென்றால், காஞ்சிபுரத்தில் கிளம்பி ஓரிக்கை வழியாகப் பாலாற்றுப் பாலம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அதையே இரண்டு முறை. வெளுக்கிற நேரம் விசில் ஊதினார்கள். என்ன கால்கள் அவை! என் கால்களைத்தான் சொல்கிறேன். நீல ஷூவுக்குள் அதுபாட்டுக்குப் போகிறது. சீக்கிரம் ஓடாதே, சீக்கிரம் ஓடாதே என்று எனக்கு நானே அதட்டல் போட்டுக்கொண்டு ஓடினேன். முதல் சுற்று முடியும்போது சிரிப்பு வந்துவிட்டது. ஆளுக்கொரு கிலோமீட்டரையும் நான் விடவில்லை. மூன்றில் மாடு, ஐந்தில் போர்வெல், ஒன்பதில் முட்டி.

இரண்டாம் முறை பாலத்தை நெருங்குகிறேன். கிட்டத்தட்டப் பதினாறாவது கிலோமீட்டர். கையில் இருந்த வாட்ச் இரண்டு மணி பதினாலு நிமிஷம் காட்டுகிறது. வேனுக்கு மூன்று நிமிஷம் முன்னால் இருக்கிறேன். பாலத்தின் அந்தப் பக்கம் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதில் ஒரு டிராக்டர். ஊரில் எத்தனையோ டிராக்டர் இருக்கும் என்று ஒரு நொடி என்னை ஏமாற்றிக்கொண்டேன். சீட்டில் உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர். இரண்டு கையையும் விரித்து, நான் என்ன பண்ணுவேன் என்கிற மாதிரி காட்டினார். டிரெய்லரிலிருந்து பதினைந்து பேர் இறங்கித் திரும்புகிற இடத்தில் நிற்கிறார்கள். முன்னால் பூக்கார அக்கா, இடுப்பில் குடம், கையில் வேப்பிலை. வேண்டுதல்காரி அவ்வளவு தூரம் ஓடுகிறாள், காலுக்குத் தண்ணீர் ஊற்ற ஊரிலிருந்து ஒரு ஆள் இல்லாமலா என்று, அந்த மனுஷனை எழுப்பி வண்டி பூட்டவைத்திருக்கிறாள்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா குடத்தைச் சாய்க்கக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

தண்ணீர் பாதி கொட்டிவிட்டது. ஷூ நனைந்து, நீலத்தின் மேல் மஞ்சள் வழிந்தது. பால்காரர் என் காலையும் கையில் இருந்த காப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேன் வருகிறது, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. கால் நகரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேண்டுதல்லாம் ஒண்ணும் இல்லக்கா," என்றேன். "பொய் சொன்னேன். ஓடவுடமாட்டேங்கிறீங்கோ, அதான். எனுக்கு ஓட்றதுன்னா புடிச்சிருக்குது. வேற ஒண்ணியும் இல்ல. என்ன மன்னிச்சிடு."

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "அப்ப என் முட்டிக்கு ஓட்னது?"

"அது நெஜம். தெனமும் ஒம்பதாவது கிலோமீட்டரு உன் முட்டிக்குத்தான். இன்னிக்கும் ஓடிட்டுத்தான் வந்தேன். மாட்டுக்கு மூணாவது. போர்வெல்லுக்கு அஞ்சாவது. யாருதையும் வுடல."

"ஆத்தா மேல சத்தியமா?"

"சத்தியமா."

அவள் தன் முட்டியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். பின்னால் ஹாரன் கேட்டது. வேன். டிரைவர் தலையை நீட்டி, இரக்கமான குரலில், "ஏறிக்கங்கம்மா, நேரம் தாண்டிட்ச்சி. ஏன் கஷ்டப்பட்றீங்கோ?" என்றார். கதவுகூடத் திறந்துவிட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பூக்கார அக்கா வேனுக்கும் எனக்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள், அந்த முட்டியோடு.

"யோவ், கதவ மூடு. அவ ஏறமாட்டா."

"இல்லம்மா, ரூல்ஸு..."

"அவளுக்கு ஓட்றது புடிச்சிருக்குதாம்யா! காதுல வுழல? புடிச்சிருக்குது, ஓட்றா. உனுக்கு இன்னா?" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கத்தினாள். "நீ இன்னாம்மே நின்னுக்கினு கீற? ஓடு!"

ஓடினேன். ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது, வேப்பிலை ஒன்று ஷூ விளிம்பில் சிக்கிக் குத்தியது. நான் எதற்கும் நிற்கவில்லை. அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் இரண்டும்தான். வேன் இரண்டு கிலோமீட்டர் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. அப்புறம் அதன் சத்தம் கேட்கவில்லை. கடைசி ஐந்து கிலோமீட்டரை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. அது முழுக்க எனக்கே எனக்கு. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது வாட்சைப் பார்த்தேன். இரண்டு மணி ஐம்பத்தெட்டு. "அம்மாடியோவ்!" என்று நான் போட்ட கூச்சலில், மெடல் மாட்ட வந்த பெண் இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

அன்றைக்கு சாயங்காலம் காப்பை அவிழ்க்கச் சொல்லிக் கோயிலுக்குப் போனேன். பூக்கார அக்கா பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எத்தினி நாளு ஆயிருக்குது?"

"நாப்பத்தஞ்சு. அதான் வேண்டுதலே இல்லியேக்கா."

"உனுக்கு இல்ல. எனுக்கு கீது. ஆஸ்பத்திரில ஊசி போட்டதால கொறஞ்சிதோ, நீ ஓட்னதால கொறஞ்சிதோ, வலி பாதியாயிட்ச்சி. மூணு நாளு பாக்கிய நீ பாட்டுக்கு வுட்டுடுவியா? அந்த ஷூ சனியனப் போட்டுக்கினே ஓடு, பரவால்ல." தொடுத்த சரத்தைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் முகம் தொங்கிவிட்டது. கறிக்கு இன்னும் மூன்று நாள்.

மறுநாள் காலை தொடை இரண்டும் மரக்கட்டை. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். ஆனால் எழுந்தேன். முதல் தடவையாக எங்கள் தெருவில், எல்லாரும் பார்க்க, மஞ்சள் கறை படிந்த நீல ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரை இறங்குகிற இடத்தில் பால்காரரின் வண்டி எதிரே வந்தது. பழக்க தோஷம், அவர் கை பிரேக்குக்குப் போனதைப் பார்த்தேன். அவர் பிரேக் போடவில்லை.